சோளக்காட்டுக்கு ஏற்ற சதுர அடித் தோட்டம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் கொல்லிமலையின் காற்றே வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த மலைப்பரப்பில், வெளியூர்க்காரர்களும் அறிந்த ஊர் சோளக்காடு. இங்குள்ள சந்தையில் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் குவிந்திருக்கும். மிளகும் காப்பிக்கொட்டையும் பக்கத்திலேயே விலைபோகும். முடவாட்டுக்கால் கிழங்கைக் கூறு கட்டி வைத்து, சூப்பு வைக்கும் பக்குவத்தையும் சொல்லி விற்பார்கள்.

இவ்வளவும் விளைகிற மண்ணில், வீட்டுச் சமையலுக்கான கீரை, கத்தரி, மிளகாய், கொத்தமல்லிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்படுகிறது? பெரும்பாலான வீடுகளில் மிகக் குறைவுதான். ஒரு காலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளைக் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளியும் மிளகும் காப்பியும் பிடித்துக்கொண்டன. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி இறங்குகிறது, கையில் காசு வருகிறது. வீட்டை ஒட்டிய கொல்லையோ பல இடங்களில் சும்மா கிடக்கிறது.

அந்தக் கொல்லையில் 4 அடிக்கு 3 அடி இடம் இருந்தால் போதும், அடுப்படிக்கு உதவும் ஒரு காய்கறித் தோட்டத்தைத் தொடங்கிவிடலாம். அதற்கு வழிகாட்டும் முறைகளில் ஒன்று சதுர அடித் தோட்டம். ஆனால் அது அமெரிக்காவில் பிறந்த முறை. அங்குள்ள மரச்சட்டத்தையும் மண் கலவையையும் செடிக் கணக்கையும் அப்படியே கொல்லிமலைக்குக் கொண்டுவந்தால் பணமும் உழைப்பும் வீணாகும். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தெரிந்துகொண்டால் இதே முறை இந்த மலைக்கு நன்றாகவே பொருந்தும்.

ஒரு பொறியாளரின் கேள்வி

இந்த முறையை உருவாக்கியவர் மெல் பார்த்தலோமியூ. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1970-களின் நடுவில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் ஊரார் சேர்ந்து நடத்திய ஒரு தோட்டத்தில் ஈடுபட்டிருந்தார். வசந்த காலத்தில் ஆர்வத்தோடு விதைத்தவர்கள் கோடை வந்ததும் களைக்குப் பயந்து காணாமல் போவதைக் கவனித்தார். வீட்டுத் தோட்டத்திலும் ஏன் நீள நீளமாக வரிசை பிடித்து, இடையே மூன்றடி இடம் விட்டு நட வேண்டும் என்று கேட்டார். காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம் என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

வரிசைகளுக்கு நடுவே விடும் அந்த அகலம் குதிரையும் கலப்பையும் போய்வருவதற்காக ஏற்பட்டது. களைக்கொத்தோடு ஒருவர் குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் கொல்லைக்கு அது தேவையில்லை. அந்த இடத்துக்கு ஊற்றும் தண்ணீரும் இடும் எருவும் களையைத்தான் வளர்க்கின்றன. எனவே அவர் வரிசையைக் கைவிட்டு, 4 அடிக்கு 4 அடி பெட்டி ஒன்றைச் செய்தார். அதை ஓரடிச் சதுரங்களாக 16 கட்டம் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பயிர். செடியின் உருவத்தைப் பொறுத்து 1, 4, 9 அல்லது 16 செடிகள். ஒரு கட்டம் அறுவடையானதும் கொஞ்சம் மக்கு உரம் சேர்த்து வேறு பயிர். 1981-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. தொலைக்காட்சியிலும் இந்த முறையை அவர் செய்து காட்டினார். 2016-ல் காலமாகும் வரை இதைப் பரப்புவதிலேயே ஈடுபட்டிருந்தார்.

நான்கடி என்ற அளவுக்குக் காரணம் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினாலும் இரண்டடி எட்டும். ஆகவே பாத்திக்குள் காலை வைக்கவே வேண்டியதில்லை. கால் படாத மண் இறுகாது. இறுகாத மண்ணில் வேர் ஆழமாகப் போகும், கொத்திவிடும் வேலையும் குறையும். மொத்த முறையில் இதுவே மிக முக்கியமான செய்தி, எந்த நாட்டுக்கும் எந்த மண்ணுக்கும் இது செல்லும். நம் பெண்களின் கை எட்டுவதற்கு நான்கடியைவிட மூன்றடி அகலம் வசதியானது. சுவரை ஒட்டிப் போட்டால் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே எட்ட முடியும்; அங்கே இரண்டடி போதும்.

பலகை வேண்டாம், கல் இருக்கிறது

அமெரிக்கத் தோட்டங்களில் பைன் மரப் பலகையை நான்கு பக்கமும் அடித்துப் பெட்டி செய்கிறார்கள். நம் ஊர் ஈரமண்ணில் அந்தப் பலகை வைத்தால் கரையான் விடாது. கொல்லிமலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சரிவு நிலத்தில் கல் அடுக்கி வரப்பு கட்டுவது இங்குள்ள உழவர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு சாண் உயரத்துக்குக் கல் அடுக்கினால் பெட்டி தயார். செங்கல், ஹாலோ பிளாக் துண்டுகள், மூங்கில் எது கிடைத்தாலும் சரி. மூங்கிலைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும். எதுவும் இல்லாவிட்டால் மண்ணை ஏற்றி மேட்டுப்பாத்தி போட்டாலே போதும்.

சரிவை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. பாத்தியின் மேற்பரப்பு மட்டமாக இல்லாவிட்டால் மழையில் மேல் பக்கத்து விதை கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேரும், ஊற்றும் தண்ணீரும் ஒரு மூலையிலேயே தேங்கும். ஆகவே நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்காக இருக்கும்படி பாத்தியைப் போட வேண்டும். சரிவு அதிகமானால் மூன்றடி அகலத்தில் ஒரே பாத்தி போடுவதைவிட, இரண்டடி அகலத்தில் இரண்டு படியாக அமைப்பது நல்லது. மட்டம் பார்க்க, ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார் பார்க்கும் நீர்மட்ட முறை போதும்.

கட்டம் பிரிக்கத் தேங்காய் நார்க் கயிறு போதும். பாத்தியின் நான்கு பக்கமும் அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, எதிரெதிர்க் குச்சிகளைக் கயிற்றால் இணைக்க வேண்டும். கயிறு மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் விறைப்பாக நிற்கட்டும். கட்டம் கண்ணுக்குத் தெரியாத பாத்தியில் நாளடைவில் எல்லாம் கலந்துவிடும். கயிறு இருந்தால், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, அடுத்து எங்கே விதைப்பது என்பது பார்த்தவுடனே தெரியும்.

மண்ணை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை

பார்த்தலோமியூ பின்னாளில் தன் முறையைத் திருத்தி, நிலத்து மண்ணையே தவிர்த்துவிட்டு ஒரு கலவையைப் பரிந்துரைத்தார். மக்கு உரம், பீட் பாசி, வெர்மிகுலைட் மூன்றும் சம பங்கு. ஆழம் ஆறு அங்குலம் போதும் என்றார். நான்கடிச் சதுரப் பெட்டியில் ஆறு அங்குலம் நிரப்ப 8 கன அடி, அதாவது 225 லிட்டருக்குச் சற்று அதிகமான கலவை வேண்டும்.

பீட் பாசி என்பது கனடா போன்ற குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பாசி மட்கு. அந்த வேலையை இங்கே தென்னை நார்க்கழிவு செய்துவிடும். கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். அதில் உப்பு இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பச்சை நார்க்கழிவு மக்குவதற்காகச் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே மக்கவைத்த நார்க்கழிவாக இருந்தால் மேலும் நல்லது. காளான் வித்து, யூரியா கொண்டு நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குச் சொல்லித்தருகிறது. வெர்மிகுலைட் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும் கனிமம்தான். திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. ஆனாலும் ஒரு கொல்லைப் பாத்திக்காக அதை வாங்கி மலையேற்ற வேண்டிய அவசியமில்லை.

மாடித் தோட்டத்துக்கு மண் இல்லாத கலவை தேவைப்படுகிறது, எடை குறைய வேண்டும் என்பதே காரணம். 2013-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய 'நீங்களே செய்து பாருங்கள்' திட்டத்தில் நார்க்கழிவுப் பைகள் தரப்பட்டதும் அதனால்தான். தரையில் போடும் பாத்திக்கு எடை பிரச்சினையே இல்லை. கொல்லையின் மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். மழை அதிகமான இடத்தில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஆற்று மணலோ கருக்கிய நெல் உமியோ சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழையில் பாத்தி ஊறி வேர் அழுகும்.

கலவை பதமாக இருக்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம். ஈரமான கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். உருண்டை நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிபோல நின்றால் மணலோ உமியோ போதவில்லை. பிடிக்கும்போதே உதிர்ந்தால் மக்கு போதவில்லை. விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தால் ஈரம் அதிகம்.

ஆறு அங்குல ஆழமும் நம் வெயிலுக்குப் போதாது. மாசி, பங்குனியில் ஒரே பகலில் காய்ந்துவிடும். ஒன்பது அங்குலமாவது வேண்டும். அடிமண்ணைக் கடப்பாரையால் ஒருமுறை நெகிழ்த்திவிட்டு அதன்மேல் கலவையை நிரப்பினால் வேர் தானே கீழே இறங்கிக்கொள்ளும்.

கொல்லிமலை உச்சிகளில் பாக்சைட் கனிமம் உண்டு. அந்தக் கனிமம் உள்ள இடத்துச் செம்மண் புளிப்புத்தன்மை உடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அன்னாசிக்கும் காப்பிக்கும் அது ஒத்துப்போகும். பீட்ரூட்டுக்கும் வெங்காயத்துக்கும் ஒத்துவராது. நாமக்கல்லில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண்மைத் துறையையோ அணுகி மண்ணைப் பரிசோதித்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு இடுவது நல்லது. குத்துமதிப்பாகச் சுண்ணாம்பைக் கொட்டினால், பிறகு சரிசெய்வது கடினம்.

செடிக் கணக்கை மாற்றுவோம்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். கத்தரி ஒரு கட்டத்துக்கு ஒன்று, முள்ளங்கி 16, குத்து பீன்ஸ் 9 என்கிறது பார்த்தலோமியூவின் கணக்கு. குறுகிய கோடைக்குள் காய்த்து முடியும் அமெரிக்கக் கத்தரிக்கு ஓரடி போதும். நம் நாட்டுக் கத்தரியோ மாதக்கணக்கில் நின்று காய்க்கும், கிளை பரப்பும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரிக்குச் சொல்லும் இடைவெளி 60 செ.மீ.க்கு 60 செ.மீ. கட்டக் கணக்கில் அது ஒரு செடிக்கு நான்கு கட்டம். 45-க்கு 30 என்ற வெண்டையின் இடைவெளி ஒன்றரைக் கட்டத்துக்கு வரும். பாத்தி மண் வளமானது என்பதால் ஒரு கட்டத்துக்கு ஒரு செடி வைக்கலாம். மிளகாய்க்கு இரண்டு கட்டம் வேண்டும். தக்காளியைக் குச்சி நட்டுக் கட்டி, பக்கக் கிளைகளைக் கிள்ளி வளர்த்தால் இரண்டு கட்டம் போதும்.

அங்கே 16 என்று சொல்லப்படும் முள்ளங்கி, கோலிக்குண்டு அளவே பருக்கும் சிவப்பு முள்ளங்கி. சாம்பாருக்குப் போடும் நம் வெள்ளை முள்ளங்கிக்குக் கட்டத்துக்கு 4 சரி, இளசாகப் பிடுங்குவதானால் 9. பீன்ஸை ஒன்பதாக நெருக்கினால் மலையின் மூடுபனியும் ஈரமும் சேர்ந்து துரு நோயைக் கொண்டுவரும்; 4 நட்டால் காற்றோட்டம் இருக்கும். சின்ன வெங்காயமும் பீட்ரூட்டும் 9. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, கட்டத்துக்கு 16 இடத்தில் ஊன்றலாம். முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் எண்ணிக்கையே வேண்டாம். விதையோடு மணல் கலந்து தூவி, மூன்று வாரம் கழித்துப் பறிக்க வேண்டியதுதான்.

பாகல், புடலை, அவரை ஆகியவற்றைப் பாத்திக்குள் விடாமல் ஓரத்தில் தனிக்குழி எடுத்து நட்டுப் பந்தலில் ஏற்ற வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை, சேனை, வாழை எதற்கும் கட்டத்துக்குள் இடமில்லை.

பந்தல் எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கத் தோட்ட நூல்கள் வடக்கு என்று ஒரே பேச்சாகச் சொல்லும். அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கிலேயே இருக்கும், டிசம்பரில் ஆறடிப் பந்தலின் நண்பகல் நிழல் 12 அடி நீளும். கொல்லிமலை ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே டிசம்பரில் அதே பந்தலின் நிழல் வடக்கே சுமார் 4 அடிதான். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஜூனில் நிழல் தெற்கே ஓரடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக, வடக்குப் பந்தல் இங்கும் கெடுதல் செய்யாது. ஆனால் மேற்கில் பந்தல் போட்டால் பங்குனி, சித்திரையின் பிற்பகல் வெயிலிலிருந்து கீரையும் கொத்தமல்லியும் தப்பிக்கும். கிழக்கே ஏற்கெனவே பலா மரமோ மலைச்சரிவோ காலை வெயிலை மறைக்கும் கொல்லையாக இருந்தால் மேற்கை அடைக்கக் கூடாது. அங்கே வடக்குதான் சரி.

பன்னிரண்டு கட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

மூன்றடிக்கு நான்கடிப் பாத்தியில் 12 கட்டம் கிடைக்கும். ஆடிப் பட்டத்தில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் நான்கு கட்டம் சேர்த்து நடுவில் ஒரு கத்தரி நாற்று. அதை ஒட்டி இரண்டு கட்டத்தில் ஒரு மிளகாய். மீதி ஆறு கட்டத்தில் முளைக்கீரை, கொத்தமல்லி, சின்ன வெங்காயம், முள்ளங்கி, பீன்ஸ், வெண்டை.

கத்தரி நான்கு கட்டத்தை நிறைக்க ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை அந்த இடம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாற்றைச் சுற்றிச் சிறுகீரை தூவினால் கத்தரி கிளை விரிப்பதற்குள் கீரை சமையலுக்கு வந்துவிடும். முளைக்கீரை எடுத்த கட்டத்தில் இரண்டு கை மக்கு உரம் போட்டு வெந்தயக்கீரை. 45 நாளில் முள்ளங்கி எடுத்ததும் அங்கே பீட்ரூட். இரண்டு மாதம் கழித்து வெங்காயம் எடுத்த இடத்தில் பீன்ஸ், பீன்ஸ் முடிந்த இடத்தில் முள்ளங்கி. ஒரே குடும்பத்துப் பயிரை அதே கட்டத்தில் அடுத்தடுத்துப் போடாமல் இருந்தால் நோயும் பூச்சியும் தொடராது. கத்தரியும் மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பம் என்பது நினைவிருக்கட்டும்.

விதைப்பை ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு கட்டம் என்று பிரித்து விதைத்தால், வாரம் தவறாமல் ஏதாவது பறிக்கக் கிடைக்கும்.

எதிர்பார்ப்பும் அளவாக இருக்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை வேண்டும் என்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது 1.6 கிலோ. ஒரு பாத்தியால் அவ்வளவும் தர முடியாது. கீரை, மல்லி, மிளகாய் போன்ற, அன்றாடம் கொஞ்சமாகத் தேவைப்படுவனவற்றையும் சீக்கிரம் வாடுவனவற்றையும் அது தரும். மலைவாழ் குடும்பங்களில் தட்டிலிருந்து முதலில் குறைபவை இவையே என்பதால் இந்தச் சிறு விளைச்சலுக்கு மதிப்பு அதிகம்.

மலைக்குப் பழக்கமான கலப்பு

பல பயிரை ஒரே இடத்தில் வளர்ப்பது கொல்லிமலைக்குப் புதிதில்லை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சிறுதானியத்தோடு பயறும் கடுகும் கலந்து விதைத்துப் பழகியவர்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று சாமையிலேயே பல வகைகளைக் காத்துவந்தவர்கள். எந்த வகை எப்போது முற்றும், எது மேட்டுக்கு, எது பள்ளத்துக்கு என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே அந்த விதைகளைத் திரட்டவும் ஊர் விதை வங்கிகளை அமைக்கவும் மக்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. 2011-ல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தோடு இணைந்து கொல்லிமலை, வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஆகிய மூன்று இடங்களில் அது தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கும் இடம் இருந்தது. சிறுதானியமும் வீட்டுக் காய்கறியும் ஒன்றுக்கொன்று துணை என்பதே அந்த வேலையின் அடிப்படை.

கட்டப் பாத்தி இந்தப் பழக்கத்தோடு எளிதாகச் சேரும். வயலில் கலந்து விதைப்பவருக்கு, எது எதோடு நிற்கும் என்பது தெரியும். கட்டம் அதற்கு ஓர் ஒழுங்கையும் கால அட்டவணையையும் தருகிறது. மலையில் தானாக முளைக்கும் கீரைகளைக் களை என்று பிடுங்கி எறிவதற்கு முன், உண்ணக்கூடியதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவற்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.

தண்ணீர், சருகு, கோழி

கொல்லிமலையில் மழைக்காலத்தில் கவலை வேறு, தை முடிந்த பிறகு கவலை வேறு. மழையில் விதையைக் காப்பாற்ற, விதைத்த கட்டத்தின்மேல் முளைக்கும்வரை தென்னை ஓலையோ பழைய கொசுவலையோ போட்டு வைக்கலாம். வெயில் காலத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. சோளக்காட்டுப் பக்கம் பலாச் சருகும், மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் மரத்துச் சருகும் தாராளமாகக் கிடைக்கும். மூடாக்கு போட்ட பாத்தியில் ஈரம் நிற்கும், களையும் குறையும். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்தி முழுவதையும் நனைப்பதைவிட, குவளையில் மொண்டு ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊற்றுவதையே பார்த்தலோமியூ விரும்பினார். ஓடைத் தண்ணீரைச் சுமந்து வரும் வீட்டுக்கு இது மிகவும் பொருந்தும்.

புதிதாகக் கொத்திய மண்ணைக் கண்டால் கோழி விடாது. முதல் ஒரு மாதம் மூங்கில் வளைத்து வலை கட்டுவது கட்டாயம். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலும், வளர்ச்சிக்கு பஞ்சகவ்யாவும் பலர் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். சிறிய பாத்தியில் இன்னொரு வசதி, தினமும் எல்லாச் செடியையும் கண்ணால் பார்த்துவிட முடியும். அசுவினி ஒட்டிய இலையையும் காய்ப்புழு துளைத்த கத்தரியையும் அன்றே கிள்ளி எறிந்தால் மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

முதல் ஆண்டு ஒரே ஒரு பாத்தி போதும். ஒரு பழைய நோட்டில் 12 கட்டத்தையும் வரைந்து, எந்தக் கட்டத்தில் எப்போது எதை விதைத்தது, எப்போது பறித்தது, எது அழுகியது, வீட்டில் எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். மேலே சொன்ன செடிக் கணக்கும் ஒரு தொடக்கம்தான். சோளக்காட்டில் வெயில் படும் சரிவில் உள்ள கொல்லைக்கும், பலா நிழலில் ஈரம் காயாத கொல்லைக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது. எந்த எண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும். நன்றாக வந்த கீரையில் இரண்டு செடியையும், நல்ல கத்தரியில் முதல் காய்களில் ஒன்றிரண்டையும் விதைக்கு விட்டு வைத்தால், அடுத்த ஆடியில் இரண்டாவது பாத்தி போடும்போது கடையில் விதை வாங்க வேண்டியிருக்காது. பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.